அம்மாவின் அடக்கத்தில் பிரிந்த அண்ணன்: மூன்று சபையும் ஒன்றாக முடியாதா?

கேள்வி: ஐயா, நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். எங்கள் டிவிஷனில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான். அதற்குள்ளேயே மூன்று பிரிவு. நான் அங்கிலிக்கன் சபையில் பிறந்து வளர்ந்தவள், கட்டிக்கொண்டது கத்தோலிக்கக் குடும்பத்தில். என் அண்ணன் சில வருடங்களுக்கு முன் கடைசி லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) கூடுகிற பெந்தெகொஸ்தே சபைக்குப் போய் மறுபடி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். "குழந்தையில் தெளித்த தண்ணீர் ஞானஸ்நானமே இல்லை" என்று அம்மாவிடமே சொன்னார். அம்மா அன்று முழுக்க அழுதார். போன வருடம் அம்மா இறந்தபோது, தன் பாஸ்டரும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அண்ணன் கேட்டார். எங்கள் சபைக் குழுவினர் மைக்கைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பிடி மண்ணைப் போட்டுவிட்டுப் போன அண்ணன் அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. மழைக்கு லயத்தில் மண் சரிந்தபோது வந்த உலருணவுப் பொதிகளும் சபை சபையாகத்தான் பிரிந்து போயின. இதையெல்லாம் மாற்ற, மூன்று சபையும் சேர்ந்து கிறிஸ்மஸ் ஒளிவிழா நடத்தலாம் என்று நானும் சில பெண்களும் முயற்சி செய்தோம். யார் தலைமை, குடிலில் மாதா சுரூபம் வைப்பதா என்ற பேச்சிலேயே அது உடைந்துவிட்டது. எல்லாரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று இயேசுவே ஜெபித்தாரே. எங்கள் மூன்று சபையும் ஒன்றாக முடியாதா?

பதில்: அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மூன்று சபையும் ஒரே சபையாவது உங்கள் தோட்டத்தில் தீர்மானிக்கக்கூடிய காரியம் இல்லை. பாதர் தன் ஆயருக்குக் கட்டுப்பட்டவர். அங்கிலிக்கன் குருவும் அப்படித்தான். பாஸ்டருக்கு மேலும் ஒரு தலைமை இருக்கும். அவர்களே விரும்பினாலும் அவர்கள் கையில் இல்லாத விஷயங்கள் உண்டு. நான் மெதடிஸ்த ஊழியன். தோட்டப்புறங்களில் பல வருடம் ஊழியம் செய்து, இப்போது குடும்பங்களுக்கு உளவளத்துணை செய்கிறவன். என் சபை எது என்று தெரிந்துகொண்டே நான் சொல்வதை நீங்கள் எடைபோடுவது நல்லது.

நம் இலங்கையிலேயே இதைப் பெரிய அளவில் முயன்று பார்த்திருக்கிறார்கள். 1947 செப்டம்பர் 27ஆம் திகதி சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அங்கிலிக்கன், மெதடிஸ்த, பிரெஸ்பிடேரியன், கொங்கிரிகேஷனல் சபைகள் ஒன்றாயின. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் கட்டிய சபைகளும் அதில் ஒரு மறைமாவட்டமாகச் சேர்ந்தன. அதைப் பார்த்து இங்கேயும் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்த, பிரெஸ்பிடேரியன் சபைகளும் அந்த யாழ்ப்பாண மறைமாவட்டமும் சேர்ந்து ஒரே இலங்கைத் திருச்சபையாக வேண்டும் என்று பல வருடம் பேசின. திட்டம் எழுதினார்கள், வாக்கெடுத்தார்கள், தொடக்கத்துக்கு நாள் குறிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. 1970களின் தொடக்கத்தில், அங்கிலிக்கன் திருச்சபைக்குள் நடந்த வாக்கெடுப்பை எதிர்த்துச் சிலர் நீதிமன்றம் போனார்கள். அத்தோடு எல்லாம் நின்றது.

ஆனால் அதே காலத்தில், 1963இல், கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் அந்தச் சபைகளில் சில சேர்ந்து இலங்கை இறையியல் கல்லூரியைத் தொடங்கின. அது இன்றும் நடக்கிறது. வேறு வேறு சபைப் பிள்ளைகள் அங்கே ஒரே கூரையின் கீழ் தங்கி, தமிழிலும் சிங்களத்திலும் படித்து, ஒன்றாகச் சாப்பிட்டு, அப்புறம் அவரவர் சபைக்கு ஊழியராகப் போகிறார்கள். அமைப்புகளை இணைக்கப் போட்ட திட்டம் வழக்கில் விழுந்தது. ஒரு தேவைக்காகச் சேர்ந்து செய்த வேலை நிலைத்தது. உங்கள் டிவிஷனுக்கும் இந்த வழிதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அதோடு, உங்கள் சபைகள் பிரிந்திருப்பதற்கு எல்லா இடத்திலும் உபதேசம்தான் காரணம் என்று எண்ண வேண்டாம். கோப்பிக் காலத்தில், 1854இல், தோட்டத் துரைமார் சிலர் கேட்டுக்கொண்டதன் பேரில் அங்கிலிக்கன் மிஷனரிமார் தமிழ்க் கூலி மிஷனைத் தொடங்கினார்கள். திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்து, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்திலும் லயத்திலும் பிரசங்கித்தார்கள். உங்கள் அம்மாவின் முன்னோர் அங்கிலிக்கன் ஆனது பெரும்பாலும் அந்த வழியாகத்தான் இருக்கும். உங்கள் கணவர் வீட்டாரின் முன்னோர் தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து ஜெபமாலையோடு கப்பலேறியிருக்கலாம். யார் எந்தத் தோட்டத்துக்கு வந்தார்கள், எந்த மிஷன் முந்தியது என்பதை வைத்து அமைந்த பிரிவுகள் இவை. சில தோட்டங்களில், சொல்ல மனம் வராவிட்டாலும் சொல்ல வேண்டும், சபைப் பிரிவுக்குள்ளே சாதிப் பிரிவும் ஒளிந்திருக்கிறது. உங்கள் டிவிஷனில் அது உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதற்குச் சபை ஒற்றுமை என்று பெயர் வைத்துப் பேச வேண்டாம். சாதி என்றே சொல்லிப் பேசுங்கள்.

சரி, இனி உங்கள் கடிதத்துக்குள் வருகிறேன். நீங்கள் எழுதியதில் நான்கு காயம் இருக்கிறது. அண்ணன் அம்மாவிடம் சொன்ன சொல், அடக்கத்தன்று மறுக்கப்பட்ட மைக், பிரிந்து போன உலருணவு, உடைந்த ஒளிவிழா. இந்த நான்கில் கடைசியை முதலில் சரிசெய்யப் பார்த்தீர்கள். மற்ற மூன்றும் ஆறாமல் இருக்கும்போது மேடையில் யார் நிற்பது என்ற பேச்சு வந்தால் அது உடையாமல் என்ன செய்யும்? மாதா சுரூபம் அங்கே ஒரு சாக்கு. காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். ஆராதனையையே நிறுத்திவைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். ஒளிவிழாவும் ஓர் ஆராதனைதான். அது காத்திருக்கட்டும்.

அண்ணனிடமிருந்து தொடங்குவோம். ஞானஸ்நான விஷயத்தில் அவர் நினைப்பதை அவர் பக்கத்திலிருந்து ஒரு தடவை பாருங்கள். கேட்டு, விசுவாசித்து, அறிக்கை செய்தவருக்குத்தான் ஞானஸ்நானம் என்று அவர் சபை நம்புகிறது. அதன்படி பார்த்தால் அவர் எடுத்தது இரண்டாவது இல்லை, முதலாவது. உங்கள் இரண்டு சபைகளும் பிள்ளைக்குக் கொடுப்பதையும் ஞானஸ்நானம் என்றே ஏற்கின்றன. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் தண்ணீரில் ஒரு தடவை கொடுத்தால் அது போதும், திரும்பக் கொடுக்கக்கூடாது என்பது அவற்றின் நம்பிக்கை. அதனால்தான் நீங்கள் கத்தோலிக்க வீட்டுக்கு வந்தபோது யாரும் உங்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. 1964இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஒன்றிப்பு பற்றிய ஆவணம், முறையாக ஞானஸ்நானம் பெற்ற மற்றச் சபையாரையும் சகோதரர் என்றே சொல்கிறது. 1982இல் பெரு நாட்டின் லீமாவில் பல சபைகளின் இறையியலாளர் கூடி எழுதிய அறிக்கை, மறுஞானஸ்நானம் என்று கருதக்கூடிய எதையும் தவிர்க்கச் சொல்கிறது. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவை அந்த உடன்பாடுகளுக்குள் வரவில்லை. ஆகவே இது மனசாட்சியோடு வைத்திருக்கிற நிஜமான வேறுபாடு. அண்ணனோடு உட்கார்ந்து வசனம் வசனமாக வாதாடினால் தீராது. அதைத் தீர்க்க வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை.

அம்மா அழுதது உபதேசத்துக்காக இல்லையே, சகோதரி. தன் கையில் ஏந்திக்கொண்டு போய்ப் பிள்ளையை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்ததை அந்தப் பிள்ளையே ஒன்றுமில்லை என்று சொன்னதற்காக அழுதார். அண்ணன் தன் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளாமலே, "அன்றைக்கு அம்மா என்னைக் கொண்டுபோனது வீண் போகவில்லை" என்று சொல்லியிருக்க முடியும். இன்றும் சொல்ல முடியும். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் தொடக்கத்தைப் படியுங்கள். நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன், நான் கேபாவைச் சேர்ந்தவன் என்று அந்தச் சபை பிரிந்து நின்றது. நான் கிறிஸ்துவைச் சேர்ந்தவன் என்று சொன்னவர்களும் அந்தப் பிரிவுகளின் வரிசையிலேயே வருகிறார்கள். எங்களுக்கு மனிதர் வைத்த சபைப் பெயர் இல்லை, நாங்கள் வேதத்தின்படி நடக்கிறோம் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அடுத்த வரிகளில், உங்களில் அதிகம் பேருக்கு நான் ஞானஸ்நானம் கொடுக்காதது நல்லதாயிற்று என்று பவுல் தேவனுக்கு நன்றி சொல்கிறார். யார் கையால் ஞானஸ்நானம் எடுத்தோம் என்பதை வைத்தே கட்சி கட்டிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு அப்போதே இருந்தது.

ஆனால் இதையெல்லாம் அண்ணனிடம் கொண்டுபோகிற நாள் வேறு. முதல் நாள் போகும்போது உங்கள் பக்கத்துத் தவறை மட்டும் கொண்டுபோங்கள். மைக்கை மறுத்த குழுவுக்கு ஒரு நியாயம் இருந்தது. அடக்க ஆராதனையை நடத்துகிற பொறுப்பு குருவுடையது. இடையில் இன்னொருவரைப் பேச விடுவது அவர்கள் முறையில் சுலபம் இல்லை. இருந்தாலும் பெற்ற தாயைப் புதைக்கிற நேரத்தில் மகனைத் தனியே கூப்பிட்டு, தோளில் கைவைத்து அதைச் சொல்லியிருக்கலாம். நீங்களாவது வாய் திறந்திருக்கலாம். அதனால் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, அம்மாவ அடக்கம் பண்ணுன அன்னைக்கு ஒங்களுக்கு நடந்தது சரியில்ல. நானும் பேசாம நின்னுட்டேன். அது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு." இதோடு நிறுத்துங்கள். "ஆனாலும் நீங்களும் அம்மாவை..." என்று தொடங்கிவிட்டால் வந்த காரியம் கெட்டுவிடும். கணவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், பாதரையோ பாஸ்டரையோ நடுவில் வைக்கவும் வேண்டாம். அவர் கதவைத் திறக்காவிட்டால் திரும்பி வந்துவிட்டு, அடுத்த மாதம் மறுபடி போங்கள். அம்மாவை நோகடித்த அந்தச் சொல்லைப் பற்றி, அவராகப் பேச்செடுக்கிற நாளில் மறைக்காமல் சொல்லுங்கள். அதை விழுங்கிக்கொண்டு ஒற்றுமையாக இருப்பது நீடிக்காது.

அடுத்த சாவு வருவதற்கு முன் மூன்று சபையின் பெரியவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். கோயிலிலும் குழியருகிலும் இறந்தவருடைய சபையே நடத்தட்டும். உடல் வீட்டில் இருக்கிற நாட்களில், மாலை நேரங்களை மற்றச் சபைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கட்டும். பாட்டு, வேத வாசிப்பு, குடும்பத்துக்காக ஒரு ஜெபம். இறந்தவருக்காக ஜெபிப்பது பெந்தெகொஸ்தேகாரருக்கு ஒத்துவராது. குடும்பத்துக்காக ஜெபிப்பது எல்லாருக்கும் ஒத்துவரும். எழவு வீட்டில் வந்து நின்று சபை மாறச் சொல்லிப் பிரசங்கம் பண்ணுவதில்லை என்றும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள். தோட்டத்து மரண உதவிச் சங்கத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஒரே புத்தகத்தில் பணம் கட்டி, ஒரே பந்தலின் கீழ் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே முடிவது நமக்குள் முடியாமல் போவது பெரிய வெட்கம்.

உலருணவு விஷயம் நீங்கள் நினைப்பதைவிடப் பாரதூரமானது. ஆதிச் சபையில் வெடித்த முதல் உள்சண்டை இதே சண்டைதான். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம் பாருங்கள். தினப் பங்கீட்டில் தங்கள் விதவைகளை ஒதுக்குகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசியவர்கள் எபிரெயர் மேல் முறையிட்டார்கள். அப்போஸ்தலர் அதற்கு ஒற்றுமைப் பிரசங்கம் செய்யவில்லை. பங்கீட்டுக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலாவு. ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட பக்கத்தின் கையிலேயே பங்கீட்டைக் கொடுத்துவிட்டார்கள் என்று அதைப் படிக்கலாம். அதனால் என் யோசனை இதுதான். அடுத்த முறை எந்தச் சபைக்கு நிவாரணம் வந்தாலும், யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலை மற்ற இரண்டு சபையின் பெண்கள் போடட்டும். இந்து வீடுகளும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். பொதியை வைத்து ஆள் சேர்ப்பது எந்தச் சபை செய்தாலும் அநியாயம், அதை வாங்குகிற ஏழைக்கும் அவமானம்.

இன்னொரு பக்கமும் உண்டு. புதிய வழிபாட்டு இடங்களுக்கு அனுமதி வேண்டும் என்று 2008இல் அரசு அனுப்பிய சுற்றுநிருபத்தைக் காட்டி, வீட்டில் கூடுகிற சிறிய சபைகளைப் பல இடங்களில் நிறுத்தப் பார்த்திருக்கிறார்கள். கல்லால் கட்டிய கோயில் வைத்திருக்கிற நாம் பெரும்பாலும் அப்போது பேசாமல் இருந்துவிடுகிறோம். அண்ணனுடைய சபைக்கு அப்படி ஒரு நெருக்கடி வந்தால், உங்கள் குருவும் பாதரும் அவர்களுக்காகப் பொலிசுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லட்டும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும் மட்டக்களப்பு சீயோன் சபையிலும் குண்டு வெடித்தது. முதல் இரண்டும் கத்தோலிக்கக் கோயில்கள், மூன்றாவது சுவிசேஷ சபை. பிள்ளைகளை இழந்த தாய்மார் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

இனி, சேர்ந்து எதைத் தொடங்குவது? மயானத்திலிருந்து தொடங்குங்கள். நவம்பர் 2 சகல ஆத்துமாக்களின் நாளுக்கு முன் எப்படியும் கத்தோலிக்கர் கல்லறைகளைத் துப்புரவு செய்வார்கள். அதற்கு முந்திய ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தில் மூன்று சபையாரும் கத்தி, மண்வெட்டியோடு வரட்டும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஆளுக்கொரு ஆராதனை, சிலருக்குக் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கிற வேலையும் இருக்கும். கல்லறைக்கு மெழுகுதிரி ஏற்றாதவரும் புல் வெட்டலாம், அதில் உபதேசச் சிக்கல் ஒன்றும் இல்லை. பிரசங்கம், மைக், புகைப்படம் எதுவும் வைக்காதீர்கள். தேத்தண்ணியும் ரொட்டியும் வைத்தால் போதும். உங்கள் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார் என்பதால் அண்ணன் வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி அவரை இழுக்காதீர்கள்.

அடுத்ததாக மார்ச் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, பெண்களின் உலக ஜெப தினம். ஒவ்வொரு வருடமும் ஒரு நாட்டுப் பெண்கள் எழுதிக் கொடுக்கிற ஒழுங்கை வைத்து உலகம் முழுக்கப் பல சபைப் பெண்கள் சேர்ந்து ஜெபிக்கிறார்கள். ஒழுங்கு ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதால் யார் முறையில் நடத்துவது என்ற சண்டை வராது. பெண்களே நடத்துவதால் பாதர் பெரியவரா பாஸ்டர் பெரியவரா என்ற கேள்வியும் இல்லை. உங்களோடு ஒளிவிழாவுக்கு முயன்ற அதே பெண்கள் இதற்குப் போதும். ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான ஜெப வாரமும் இருக்கிறது. அதைப் பாதரும் குருவும் முன்னெடுத்தால் நல்லது, இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒற்றுமையைக் காட்டுவதற்காகச் சேர்ந்து நற்கருணை எடுக்கலாம் என்று யாரையும் நெருக்க வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபை அதற்கு விதி வைத்திருக்கிறது, பாதர் உங்களுக்காக அதை மீற முடியாது. விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுவது பற்றிய நூற்றாண்டுச் சண்டையில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் 1999இல் ஒரு கூட்டறிக்கைக்கு வந்தார்கள், 2006இல் மெதடிஸ்தரும் அதில் சேர்ந்தோம். அவ்வளவுக்குப் பிறகும் நற்கருணை மேசை இன்னும் பொதுவாகவில்லை. அந்த வலியை நானும் சுமக்கிறேன்.

அப்புறம் ஒளிவிழா. இந்த டிசம்பரை விட்டுவிடுங்கள். மயானமும் உலக ஜெப தினமும் நடந்து, அண்ணன் வீட்டோடு பேச்சு வார்த்தை வந்த பிறகு, அதற்கடுத்த டிசம்பரில் பாருங்கள். மூன்று கோயிலிலும் வைக்காமல் தோட்டப் பாடசாலை மண்டபத்தில் வையுங்கள். குடிலைக் கத்தோலிக்கப் பிள்ளைகள் மண்டபத்தில் கட்டாமல் தங்கள் கோயிலில் கட்டட்டும், பார்க்க விரும்புகிறவர்கள் போய்ப் பார்க்கட்டும். மண்டபத்தில் பிள்ளைகளின் பாட்டும் நாடகமும் வேத வாசிப்பும் மட்டும். தலைமைக்குப் பாதர், குரு, பாஸ்டர் மூன்று பேரும் வேண்டாம். பாடசாலை அதிபரைக் கேளுங்கள். அவர் இந்துவாக இருந்தால் இன்னும் நல்லது.